போர்டு ‘டி’ வண்டியின் யந்திரம்

பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பிக்க முற்படுவோர், முதற்கண் அதன் யந்திரம் இன்னதென்று நிச்சயித்துக்கொள்வது அவசியம். 1908 முதல் 1927 வரை உற்பத்தியான போர்டு ‘டி’ வண்டிக்கு, பெரும்பாலும் யந்திரத்தின் இடப்புறத்தில் தண்ணீர் புகும் வாய்க்கு மேலே பொறித்த எண்ணே ஜாதகமாகும். அதைக்கொண்டு யந்திரம் பிறந்த காலத்தை அறியலாம். பல யந்திரங்களில் இரும்பை வார்த்த தேதியும் புடைத்து நிற்கும். அத்தேதி எண்ணின் காலத்திற்குப் பிந்தியதாயின், யந்திரம் இடையில் மாற்றப்பட்டதென்பது வெளிப்படை.

இறுகிப்போன பிஸ்டன்களை எண்ணெயில் ஊறவைத்துப் பொறுமையுடன் விடுவிக்கலாம். தேய்ந்த பேரிங்குகளுக்கு வெள்ளை உலோகத்தைப் புதிதாக வார்க்கலாம். ஆனால், பழுது பார்க்கிறோமென்று அவ்வெண்ணை அராவி அழிப்பதும், விலை கூடுமென்று வேறெண் பொறிப்பதும் தஸ்தாவேஜைத் திருத்துவதற்கு ஒப்பாகும். வாங்குவோரை வஞ்சிக்கும் அச்செயலை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.