தறிக்கு ஏற்ற புத்தகம்

கைத்தறி பழகுபவர் நெசவுப் புத்தகம் வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்? அது எத்தனை விழுதுகள் (நீளவாக்கு நூல்களான பாவைத் தூக்கும் சட்டங்கள்) கொண்ட தறிக்கு எழுதப்பட்டது என்பதைத்தான். எட்டு விழுது கேட்கும் டிசைனை நான்கு விழுதுத் தறியில் அப்படியே நெய்ய முடியாது. அமெரிக்காவில் மார்கரீட் டேவிசன் 1944-இல் வெளியிட்ட மாதிரிப் புத்தகம் நான்கு விழுதுத் தறிக்கானது. பாவு நூலை விழுதில் கோக்கும் முறை, மிதியை அழுத்தும் வரிசை, நெய்த துணியின் படம் எல்லாம் அதில் சேர்ந்தே இருக்கும். சுவாரசியம் என்னவென்றால், ஒருமுறை கோத்த பாவிலேயே, மிதிக்கும் வரிசையை மட்டும் மாற்றி, வேறு வேறு டிசைன்கள் நெய்யலாம். நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸ் எழுதிய நெசவுப் புத்தகமும் அருமையானதுதான். ஆனால் அதை ஓய்வாக உட்கார்ந்து படிக்க வேண்டும். தறிக்குப் பக்கத்திலேயே விரித்து வைத்துக்கொள்ள டேவிசனின் புத்தகமே வசதி.