மீன்பிடித் தடைக்காலத்தில் அரசியல் அறிவியல்

ஏப்ரல் 15ஆம் தேதி கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகளைக் கட்டிவிடுவார்கள். மீன் இனப்பெருக்கத்துக்காக ஜூன் 14 வரை 61 நாள் தடை. ஏறக்குறைய அதே வாரங்களில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் பூட்டு விழும். நாசரேத்தில் ஆசிரியையாக இருக்கும் நான் எம்.ஏ. அரசியல் அறிவியலைப் படித்து முடித்தது இந்தக் கோடை விடுமுறைகளில்தான். வேலையை விட்டுவிட்டு கல்லூரிக்குப் போக வழியில்லாத எவருக்கும் இது கைகூடும் காரியம் என்பதால் எழுதுகிறேன்.

நான் சேர்ந்தது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில். 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது அது. நான் படித்த பாடத்திட்டத்தில் முதல் ஆண்டுக்கு நான்கு தாள்கள்: அரசியல் கோட்பாடு, சர்வதேச உறவுகள், இந்திய ஜனநாயகமும் வளர்ச்சியும், ஒப்பீட்டு அரசியல். ஒவ்வொன்றும் எட்டு கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது அவர்கள் கணக்கு. அப்படியானால் ஒரு தாளுக்கு 240 மணி நேரம். விடுமுறையில் தினமும் ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் நாற்பது நாளில் ஒரு தாள் முடியும். ஒப்படைப்புக் கட்டுரைகளுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். விடுமுறையில் படித்ததை, சூடு ஆறுவதற்குள் ஜூனிலேயே எழுதிவிடலாம்.

ஆறு மணி நேரம் என்று சொல்வது சுலபம். அக்னி நட்சத்திரத்தில், தேரி மணல் காந்துகிற எங்கள் பக்கத்தில், பத்து மணிக்கு மேல் புத்தகத்தில் கண் நிற்காது. விடியலுக்கு முன்னால் எழுந்து, பதநீர்க்காரர் வரும் நேரத்துக்குள் பாதியை முடித்துவிட வேண்டும். அதைவிடப் பெரிய கஷ்டம் மொழி. பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ஹாப்ஸ், லாக், ரூசோ என்று வரிசையாக வந்தபோது முதல் சில பக்கங்களிலேயே மூச்சு முட்டியது. எனக்குக் கை கொடுத்தவை தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூல்கள். இறையாண்மை, கூட்டாட்சி, அதிகாரப் பிரிவினை எல்லாம் அவற்றில் நல்ல தமிழில் இருக்கின்றன. இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. எம்.ஏ. சேர நினைக்கிறவர்கள் முதலில் அவற்றைப் படியுங்கள். இதை வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. அடித்தளம் என்பது அப்படித்தான் போடப்படும்.

இந்தப் படிப்பு எனக்குள் இறங்கியது புன்னைக்காயலில் வைத்துத்தான். அங்கே என் பழைய மாணவி ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அப்பா விசைப்படகில் தொழில் செய்கிறவர்; தடைக்காலமாதலால் வீட்டில் வலை சீர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், பெரிய படிப்பு படிக்கீங்கன்னு மவ சொன்னா. இந்தத் தடைய யாரு போடுதா? சென்னையா, டெல்லியா?"

"ரெண்டு பேரும்தான் அண்ணாச்சி" என்றேன்.

"ஒரே கடலுக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

அவர் கேட்டது அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையை. அதிகாரங்களை மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்றாகப் பிரித்திருக்கும் அட்டவணை அது. மாநிலப் பட்டியலின் 21ஆவது பதிவு மீன்வளம். மத்தியப் பட்டியலின் 57ஆவது பதிவு, ஆட்சிக்குட்பட்ட கடல் எல்லைக்கு அப்பாலான மீன்பிடிப்பு. அந்த எல்லை 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர். அதுவரை 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பேசும். அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை டெல்லி. இரண்டு ஆணைகளும் ஒரே தேதியில் வருவதால் கடலில் போகிறவருக்கு அது ஒரே தடையாகத் தெரிகிறது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது, அது நாட்டுப்படகுகளுக்கு என்று சொல்வதும் அந்த மாநிலச் சட்டம்தான். இதைச் சொன்னதும், "அந்த மூணு மைல் சண்டை எங்களுக்குத் தெரியும். அது சட்டத்துல எங்க இருக்குன்னுதான் தெரியாது" என்றார்.

அன்றைக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தையே அந்த அட்டவணையாகத்தான் பார்க்கிறேன். தூத்துக்குடி துறைமுகம் பெருந்துறைமுகம் என்பதால் மத்தியப் பட்டியலில் வரும். உப்பளத்து உப்பும் அங்கேதான், 58ஆவது பதிவு. பனையில் இறக்கும் கள் மாநிலப் பட்டியல். அதனால்தான் அண்டை மாநிலமான கேரளத்தில் கள்ளுக்கடை இருக்கிறது, இங்கே இல்லை. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் கல்வி மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. 1976இல் 42ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அது திரும்ப மாநிலத்துக்கே வர வேண்டும் என்பது என் திடமான கருத்து.

முத்துக்குளிப்பு இன்னும் பழைய பாடம். கடலடியில் கிடக்கும் சிப்பி யாருடையது? நாயக்கர்கள் உரிமை கொண்டாடினார்கள். 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்களும், பின்னால் ஆங்கிலேயரும் அப்படியே. ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்குதான் உயிரைப் பிடித்துக்கொண்டு மூழ்கியவர்களுக்கு. இறையாண்மை என்ற அதிகாரத்தை ஐரோப்பிய உதாரணங்களோடு படித்தபோது மனதில் ஒட்டவில்லை. இந்தப் பங்குக் கணக்கை நினைத்துக்கொண்டு படித்தபோது ஒட்டியது.

சர்வதேச உறவுகள் தாளும் எங்களுக்கு வீட்டு வாசல் சமாச்சாரம்தான். பாக் நீரிணையில் 1974இலும் மன்னார் வளைகுடாவில் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் கோடு கிழித்தன. கச்சத்தீவு போனது முதல் ஒப்பந்தத்தில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மே 1 கிராம சபை நாள். 1992இன் 73ஆவது திருத்தம் கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். ஒரு வருஷம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு பக்கத்து ஊராட்சிக் கூட்டத்துக்குப் பார்வையாளராகப் போனேன். குடிதண்ணீர்க் குழாய் பற்றி ஒரு பெண் எழுந்து கேட்டார். பதிலைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி நின்றார், எழுதும்வரை உட்காரவில்லை. எங்கள் நாசரேத் பேரூராட்சி. நகர அமைப்புகளுக்கான 74ஆவது திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள இடங்களில்தான் வார்டு குழுவைக் கட்டாயமாக்குகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவருக்கு அரசியலமைப்பு தந்த சபை, இந்தப் பக்கம் குடியிருக்கும் எனக்கு இல்லை. இது சரியல்ல.

"இதைப் படிச்சு என்ன செய்யப் போறீங்க?" என்று பலர் கேட்டார்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் இந்திய ஆட்சியியல் ஒரு பாடம், ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் இது ஒரு விருப்பப் பாடம். இளையவர்களுக்கு அது போதுமான காரணம். எனக்குக் காரணம் அந்தப் பதிவேட்டுக்காகக் காத்து நின்ற பெண். அவர் படித்துத் தெரிந்துகொண்டாரா, அனுபவத்தில் தெரிந்துகொண்டாரா என்று கேட்கவில்லை. ஆனால் தன் உரிமை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் மாணவிகள் அத்தனை பேருக்கும் அது தெரிய வேண்டும்.

சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும் உண்டு. ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும், வயது வரம்பு கிடையாது. ஜூலையில் பெயரைப் பதிந்துவிட்டால் அடுத்த கோடை முழுவதும் உங்கள் கையில். கிராம ஊராட்சியில் குடியிருப்பவராக இருந்தால், பட்டத்துக்குக் காத்திராமல் வரும் மே 1 அன்றே கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள்.