புதரைத் துளைத்துப் போகுமா தோட்டா?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நவம்பர் என்றால் மான் வேட்டை சீசன். உரிமம் வாங்கியவர்கள் துப்பாக்கியோடு காட்டுக்குள் கிளம்பிவிடுவார்கள். அங்கே மரமும் புதரும் நெருக்கியடித்து நிற்கும். மான் கண்ணில் படுவதே பெரும்பாலும் நூறு கஜத்துக்குள்தான். அதுவும் சில நொடிகள்!

இந்தக் காட்டுக்கு எந்த ரைஃபிள் சரி? நீளமான குழல் கிளைகளில் மாட்டிக்கொள்ளும். குட்டையாக, எடை குறைவாக, சட்டென்று தோளுக்கு வருவதாக இருக்க வேண்டும். ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1894 மாடல் வின்செஸ்டரை இன்றும் பலர் விரும்புவது இதற்காகத்தான். மேலே பொருத்தும் தொலைநோக்கியும் அதிகம் பெரிதாக்கிக் காட்டக் கூடாது. காட்டினால் மானுக்குப் பதில் இலைதான் தெரியும்.

இங்கேதான் ஒரு பழைய நம்பிக்கை குறுக்கே வருகிறது. கனமான, மெதுவாகப் போகும் தோட்டா புதரைப் பிளந்துகொண்டு நேராகப் போகும் என்பார்கள். புதருக்குப் பின்னால் அட்டையை வைத்துச் சுட்டுப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். சின்னச் சுள்ளியில் பட்டாலும் எந்தத் தோட்டாவும் திசை மாறலாம். அப்போது மான் காயத்தோடு ஓடி, எங்கோ துடித்துச் சாகும். அதைவிட ஆபத்து, புதருக்கு அந்தப் பக்கம் இன்னொரு மனிதர் நிற்கலாம். வேட்டைக்காரர்கள் பளிச்சென்ற ஆரஞ்சு உடை அணிய வேண்டும் என்று அங்கே சட்டம் இருப்பது அதனால்தான்.

எனவே, எந்த ரைஃபிளை வாங்கினாலும் விதி ஒன்றுதான். இலைகளுக்கு நடுவே தெளிவான இடைவெளி தெரிய வேண்டும். மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சுடாமல் வீடு திரும்புவதே நல்லது!