திரை உறைந்தால் விண்டோவை மூடாதீர்கள்!

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு. மறைமலை நகரில் நான் தங்கியிருக்கும் அறையில் இருந்து, ஒரகடத்தில் உள்ள எங்கள் கம்பெனியின் லினக்ஸ் சர்வருக்குள் 'புட்டி' புரோகிராம் மூலம் நுழைந்திருந்தேன். இரவு ஷிஃப்ட் தொடங்கும் முன் ஒரு செட்டிங்ஸ் ஃபைலை விம் எடிட்டரில் திருத்தியாக வேண்டும். நாற்பது வரிகளுக்கு மேல் மாற்றிவிட்டேன். வேர்டில் பழகிய விரல் சும்மா இருக்குமா? சேவ் செய்வதாக நினைத்து கன்ட்ரோல்+எஸ் அழுத்தியது. திரை அப்படியே நின்றுவிட்டது. நெட் போய்விட்டது என்று எண்ணி விண்டோவை மூடினேன். அங்கேதான் தவறு செய்தேன்.

நெட் போகவில்லை. புட்டி என்பது பழைய டெர்மினல் போல வேடம் போடும் ஒரு புரோகிராம். டெர்மினல் என்றால் கீபோர்டும் திரையும் மட்டும்தான்; கம்ப்யூட்டர் வேறெங்கோ இருக்கும். 1978-ல் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட விடி100 இவற்றில் புகழ்பெற்றது. ஒரு வரிக்கு 80 எழுத்து, திரைக்கு 24 வரி. அந்தக் காலத்தில் எழுத்துகள் வேகமாக ஓடினால் நிறுத்த கன்ட்ரோல்+எஸ், மீண்டும் ஓடவிட கன்ட்ரோல்+க்யூ. அந்தப் பழக்கம் லினக்ஸில் இன்றும் இருக்கிறது.

ஆக, திரை நின்றால் முதலில் கன்ட்ரோல்+க்யூ அழுத்திப் பாருங்கள். அதற்கு முன் பதற்றத்தில் கீபோர்டைத் தட்டாதீர்கள். நிற்பது திரை மட்டுமே. நீங்கள் தட்டுவது எல்லாம் எடிட்டருக்குப் போய்க் கொண்டிருக்கும். விம்மில் 'டி' எழுத்தை இருமுறை தட்டினால் ஒரு வரியே அழிந்துவிடும்!

என்னைப் போல மூடிவிட்டீர்களா? மீண்டும் நுழைந்து அதே ஃபைலைத் திறங்கள். 'ஸ்வாப்' ஃபைல் இருப்பதாக எச்சரிக்கை வரும். 'ஆர்' அழுத்தினால் மீட்டுத் தரும். 200 எழுத்துகளுக்கு ஒருமுறையோ, 4 விநாடி சும்மா இருந்தாலோ விம் தானாகவே அதில் எழுதி வைக்கிறது. என் வரிகள் திரும்பக் கிடைத்தன. சரிபார்த்து சேவ் செய்தபின் அந்த ஸ்வாப் ஃபைலை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் எச்சரிக்கை தொடர்ந்து வரும்.

வேறு தொல்லைகளும் உண்டு. பேக்ஸ்பேஸ் அழிக்காமல் விநோதக் குறிகளைப் போட்டால், புட்டியில் டெர்மினல் பிரிவின் கீழ் கீபோர்டு சென்று பேக்ஸ்பேஸுக்கான இரண்டு தேர்வுகளில் மற்றொன்றுக்கு மாற்றுங்கள். கோடுகளும் தமிழ் எழுத்துகளும் குப்பையாகத் தெரிந்தால், விண்டோ பிரிவில் டிரான்ஸ்லேஷன் சென்று யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். எடிட்டரை மூடிய பிறகும் திரை குழம்பிக் கிடந்தால், 'ரீசெட்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். தட்டுவது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வேலை செய்யும்.

2018 முதல் விண்டோஸ் 10-லேயே எஸ்எஸ்ஹெச் வசதி வருவதால் புட்டி இல்லாமலும் இணையலாம். ஆனால் கன்ட்ரோல்+எஸ் தொல்லை அங்கேயும் வரும், ஏனெனில் திரையை நிறுத்துவது லினக்ஸ் பக்கம்தான். அதை அடியோடு நிறுத்த ஒரு கட்டளை உண்டு. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எஸ், டி, டி, ஒய், ஓர் இடைவெளி, மைனஸ் குறி, ஒட்டியே ஐ, எக்ஸ், ஓ, என். மறுநாள் காலையிலேயே இதை என் அக்கவுன்ட்டில், லாகின் செய்ததும் தானாக இயங்கும்படி போட்டுவிட்டேன்.