மாசிப் பனியில் மதனும் ரதியும்

வெயிலோடு பிறந்து வெயிலோடு வளர்ந்த தமிழ் மக்களுக்குக் குளிர்காலம் என்பது பெரும்பாலும் ஏட்டில் படித்து அறியும் செய்தியே. மார்கழி விடியலில் ஒரு போர்வை மிகுதியாகத் தேவைப்பட்டால், அதனையே பெருங்குளிர் என்போம். ஆயினும் உண்மையான குளிர்காலம் ஒன்றைக் காணும் தமிழ்க் குடிகளும் சிலவிடங்களில் உண்டு. இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்கள் அவ்விடங்களுள் ஒன்று.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பது நுவரெலியா. தை, மாசி மாதங்களில் சில நாட்கள் அங்கே விடியும்போது புல்வெளியெங்கும் வெண்பனி உறைந்து கிடக்கும். அப்பனி பட்ட தேயிலைக் கொழுந்து கருகிவிடும். எனினும் இக்குளிரிலும் ஒரு நன்மை உண்டு. மழை ஓய்ந்து வறண்ட குளிர்காற்று வீசுவதால், அட்டன், டிம்புள்ளைப் பகுதிகளில் கொழுந்து மெல்ல மெல்லவே வளரும். விளைச்சல் குறையும், மணமோ மிகும். சனவரி முதல் மார்ச்சு வரை அங்கே கிடைக்கும் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டாவதற்கு இதுவே காரணம்.

காண வருவோர் காண்பவை

குளிரை நாடி வருவோர்க்கு இங்கே காட்சிகளுக்குக் குறைவில்லை. ஆளுநர் கிரெகரியின் பெயர் தாங்கிய ஏரி 1873இல் அமைந்தது. சிங்கோனாப் பயிருக்கென 1861இல் தொடங்கப்பெற்ற அக்கலைத் தோட்டம், இன்று மலர்ச்சோலையாய் விளங்குகின்றது. அதற்கு அண்மையில், சீதாப்பிராட்டி சிறையிருந்த இடம் என மக்கள் போற்றும் சீதா எலியாவில் அம்மன் கோயில் உண்டு. 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய புகையிரதப் பாதை, இன்றும் காண்போர் வியக்கும் பொறியியல் அருஞ்செயலேயாம். மார்கழிப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை நீளும் சிவனொளிபாத மலை யாத்திரைக் காலத்தில், அட்டன் நகரம் இரவும் பகலும் உறங்குவதில்லை.

இவை யாவும் காணத்தக்கவையே. ஆனால் இவற்றைக் கண்டு திரும்புவோர், மலைநாட்டைக் கண்டுவிட்டதாகக் கருதினால் அது நிறைவாகாது. பங்களாவும் கடிகாரக் கோபுரமும் மலையை ஆண்டவர்கள் விட்டுச்சென்ற சின்னங்கள். மலையைத் திருத்தியவர்கள் விட்டுச்சென்ற செல்வம் எங்கே இருக்கிறது? அது கல்லில் இல்லை. லயங்களுக்கு நடுவே உள்ள ஒரு வெறும் திடலில் இருக்கிறது. அத்திடலுக்குக் ‘காமன் பொட்டல்’ என்று பெயர்.

மூட்டையில் வராத செல்வம்

திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய சீமைகளிலிருந்து இம்மக்கள் முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே மாத்தளை நோக்கி நடந்த அப்பயணத்தில் மாண்டோர் பலர். 2023ஆம் ஆண்டில், அவ்வருகையின் 200 ஆண்டு நிறைவு நினைவுகூரப்பட்டபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் அதே வழியில் நடந்து சென்றனர்.

அன்று வந்தவர்கள் கையில் கொணர்ந்த பொருள் மிகச் சிறிது. நெஞ்சில் கொணர்ந்ததோ பெரிது. அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், காமன் கூத்து ஆகிய மூன்றும் அவ்வாறு வந்தவையே. அவற்றுள், தோட்டம் முழுவதையும் ஒருங்கே மேடையாக்கிக் கொள்ளும் சிறப்பு காமன் கூத்துக்கே உரியது.

கம்பம் ஊன்றிய பின்

கொழுந்து குறைந்து தோட்ட வேலை சற்றே தளரும் மாசி மாதத்திலேதான் இக்கூத்து நிகழ்கின்றது. அமாவாசை கழிந்து பிறை தோன்றியதும், பொட்டலில் காமன் கம்பம் ஊன்றப்படும். கரும்பும் ஆமணக்குக் கொம்பும் வைக்கோலும் அக்கம்பத்தில் இடம்பெறும். வேடம் புனைவோர் காப்புக் கட்டி விரதம் பூணுவர். அன்று முதல் ஒவ்வோர் இரவும் தப்பின் ஒலி மலைச்சரிவில் எதிரொலிக்கும். கம்பளியைப் போர்த்துக்கொண்டு முதியோரும், அன்னையர் மடியில் குழந்தைகளும் பொட்டலில் கூடுவர்.

கதை நாம் அறிந்ததே. சூரபதுமனை அழிக்கச் சிவகுமாரன் தோன்றவேண்டும். சிவபெருமானோ யோகத்தில் ஆழ்ந்திருக்கிறார். அந்த யோகத்தைக் கலைத்து வருமாறு தேவர்கள் மன்மதனை ஏவுகின்றனர். போகவேண்டாம் என்று ரதி மன்றாடுகிறாள். ஏவலை மீற இயலாது அவன் செல்கிறான். நெற்றிக்கண் நெருப்பில் நீறாகிறான். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தில் காமதகனப் படலமாகப் பாடிய நிகழ்ச்சி இது. தமிழ்நாட்டில் அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றாகிய திருக்குறுக்கை, இந்நிகழ்ச்சி நடந்த இடமாகப் போற்றப்படுகின்றது.

ஆண்களே மதனாகவும் ரதியாகவும் வேடம் புனைவர். வீரபத்திரனும் எமனும் தூதனும் தோன்றிக் குழந்தைகளை அச்சுறுத்தியும் மகிழ்வித்தும் செல்வர். முழுநிலாவை ஒட்டிய இறுதி இரவில் காமன் எரிக்கப்படுவான். அப்போது எழும் ரதியின் புலம்பலைக் கேட்டுக் கண்கலங்காத தாய்மாரைக் காண்பது அரிது. பின்னர் மன்மதன் உயிர்பெற்றெழும் சடங்கும் நடைபெறும். எனினும் ரதி ஒருத்தியின் கண்ணுக்கே அவன் புலனாவான் என்பது புராணம்.

இப்புராணக் கதை தோட்டத்து மக்களை இத்துணை ஆழமாகப் பற்றியதற்குக் காரணம் யாது? மேலோர் ஏவலுக்குக் கீழ்ப்பட்டுப் போகிறவன், போகாதே என்று தடுப்பவள், திரும்பி வராத பயணம் ஆகிய மூன்றும் அவர்கள் தம் வாழ்விலேயே கண்டவை. ரதியின் குரலில் அவர்கள் தம் பாட்டிமாரின் குரலைக் கேட்டனர் எனல் மிகையாகாது.

மறைந்துவரும் குரல்

இக்கலை இன்று எல்லாத் தோட்டங்களிலும் முன்போல் நிகழவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றோராக்கியது. 1964இல் செய்துகொண்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமோ, 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வகுத்தது. அதன்படி கப்பலேறிய குடும்பங்களோடு கூத்தறிந்தோரும் சென்றனர். இன்றோ, பிழைப்பை நாடிக் கொழும்புக்குச் செல்லும் இளைஞர்கள் மாசி மாதம் முழுவதும் ஊரில் தங்க இயலாது. வகுப்பில் மன்மதனைப் பற்றிக் கேட்டால் மாணவர் உடனே விடை கூறுகின்றனர். ரதியின் பாட்டில் இரண்டு அடி பாடுங்கள் என்றால் தலை குனிகின்றனர். குறை அவர்களுடையதன்று, அவர்களுக்குக் கற்பித்தவர் இல்லை.

தூர தேசத்துப் பாடம்

ஐரோப்பாவில் அங்கேரி நாட்டின் தென்பகுதியில், தனூபு நதிக்கரையில் மொகாச்சு என்னும் சிறு நகரம் ஒன்று உளது. அங்கேயும் குளிர்கால முடிவில், நம் மாசி மாதத்தை ஒட்டியே, ஒரு விழா நிகழ்கின்றது. அச்சந்தரும் மரமுகமூடியும் கம்பளித் தோலாடையும் அணிந்த ‘பூசோ’க்கள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர், படகுகளில் நதியைக் கடந்து வந்து நகர்வலம் வருவர். முடிவில், குளிர்காலத்தைக் குறிக்கும் சவப்பெட்டி ஒன்றை நகரின் நடுத்திடலில் தீயிட்டு எரிப்பர்.

எரியும் தீயில் மட்டுமன்று, விழாவின் வரலாற்றிலும் நமக்குப் பாடம் உண்டு. இவ்விழா அந்நாட்டுப் பெரும்பான்மையோர் தோற்றுவித்ததன்று. அந்நகரில் வாழும் குரோவாசியச் சிறுபான்மையினர் வழிவந்தது. இன்றோ நகரம் முழுவதற்கும் அதுவே அடையாளம். முகமூடி செதுக்கும் தொழிலை மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கின்றனர். சிறுவர்க்கெனத் தனி வேடப்போட்டி வைக்கின்றனர். 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மனிதகுலத்தின் மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது. தோன்றிய குடியின் சிறுமை பெருமை அவ்விழாவுக்குத் தடையாகவில்லை. இளையோர் கற்றுக்கொண்டனர், விழா வாழ்ந்தது.

நாம் செய்யத்தக்கது

நம்மிடையிலும் முயன்றோர் உண்டு. தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அவர்களை மலைநாடு மறத்தலாகாது. கம்பளைக்கு அண்மையில் பழைய லயம் ஒன்றிலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. நுவரெலியா செல்லும் குடும்பத்தினர் வழியில் அதனையும் ஒருமுறை கண்டு வருவது நன்று.

மாணவர்களே, உங்கள் தோட்டத்தில் காமன் பாட்டறிந்த பெரியவர் ஒருவரேனும் இருப்பார். ஒரு விடுமுறை நாளில் அவரிடம் செல்லுங்கள். அவர் பாடுவதை எழுதிக்கொள்ளுங்கள். இக்காலக் கைப்பேசியில் ஒலியையும் பதிந்துகொள்ளலாம். ஆயினும் பதிவு என்பது வித்தைப் பெட்டியில் வைப்பது போன்றது. விதை முளைக்கவேண்டுமாயின் நிலத்தில் விழவேண்டும். ஆதலின் அடுத்த மாசியில் தப்பொலி கேட்கும்போது, பொட்டலின் ஓரத்தில் நின்று பார்ப்பதோடு அமையாது, சிறு வேடமேனும் ஏற்று உள்ளே இறங்குங்கள். பெற்றோரும் அதற்கு இசைவு தரவேண்டும். எரிந்த காமனை உயிர்ப்பித்தது ரதியின் வேண்டுகோள். அவிந்துவரும் இக்கூத்தை உயிர்ப்பிப்பது இளையோர் கையிலேயே இருக்கிறது.