நுரையீரல் புற்றும் நூல் நூற்காத மேஸ்திரியும்

(மேல்நிலை இரண்டாம் ஆண்டு உயிரியல் மாணவியர்)

1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை தொடங்கிய காலம் முதல் பஞ்சாலையோடு தொடர்பில்லாத குடும்பம் நம் ஊரில் குறைவு. ஆகவே வீட்டுப் பெரியவர் இருமினால், "பஞ்சுத் தூசி, வேறென்ன?" என்று சொல்லிவிடுகிறோம். பஞ்சுத் தூசியால் வரும் நோய் உண்மையிலேயே உண்டு. பிசினோசிஸ் என்று அதற்குப் பெயர். வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சை இறுக்கிப் பிடிப்பது அதன் அடையாளம். ஆனால் அது மூச்சுக்குழல்களின் நோய். நுரையீரல் புற்றுநோய் வேறு. இதற்குத் தலையாய காரணம் புகையிலைப் புகை. பீடியையோ சிகரெட்டையோ தொட்டே அறியாத பெண்களுக்கும் இது வருகிறது. அங்கே விறகடுப்புப் புகையின் மீது ஆராய்ச்சியாளருக்குப் பலத்த சந்தேகம் உண்டு. தூசியின் மீதும் காசநோயின் மீதும் பழியைப் போட்டுக் காலம் கடத்திவிட்டு, நோய் முற்றிய பின்னர் மருத்துவமனைக்குச் செல்வோர் நம் நாட்டில் பலர்.

முற்றிய பின் என்றால் என்ன பொருள்? நுரையீரலில் ஓரிடத்தில் நிற்கும் கட்டியை அறுத்து எடுத்துவிடலாம். அதன் உயிரணுக்கள் பிரிந்து, இரத்தத்தில் ஏறி, மூளையிலும் எலும்பிலும் கல்லீரலிலும் குடியேறிவிட்டால் கத்தியால் பயனில்லை. ஒரே அளவுள்ள இரண்டு கட்டிகளில் ஒன்று நின்ற இடத்தில் நிற்கிறது. மற்றொன்று ஊர் ஊராகக் கிளம்பிவிடுகிறது. ஏன் இந்த வேறுபாடு?

இதற்கு விடை காண உயிரணுவின் உள்ளே சற்று நுழைய வேண்டும். ஆகஸ்தீனார் சபைத் துறவி மெண்டல், மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடி வளர்த்துத் தொடங்கிவைத்த கதை இது. மரபுச் செய்தி டி.என்.ஏ.வில் எழுதப்பட்டுள்ளது, தூது ஆர்.என்.ஏ. அதைப் படியெடுத்துச் செல்கிறது. அதன்படி புரதம் உருவாகிறது. இவ்வளவும் நம் பாடநூலில் உள்ளதே. ஆனால் மனிதரின் டி.என்.ஏ.வில் புரதத்திற்கான செய்தி ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்குதான். மீதியின் பெரும்பகுதியைக் 'குப்பை' என்றே அறிஞர் பலர் நெடுநாள் அழைத்துவந்தனர். குப்பை என்று நினைத்த பகுதியிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுவது பின்னரே தெரியவந்தது. புரதமாக மாறாத இவற்றைக் குறியீடற்ற ஆர்.என்.ஏ. என்பர்.

புரதம் செய்யாவிட்டால் இவற்றுக்கு என்ன வேலை? பஞ்சாலைக்குள் சென்று பாருங்கள். மேஸ்திரி தம் கையால் ஓர் இழை நூலும் நூற்பதில்லை. ஆனால் எந்த எந்திரம் ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்பது அவர் சொல்லில் இருக்கிறது. குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்களில் பல இத்தகைய மேஸ்திரிகளே. சில நேரடியாகவே உழைப்பவை: புரதம் கட்டும் ரைபோசோமில் அமினோ அமிலங்களைப் பிணைப்பது ஆர்.என்.ஏ.தான். அந்த ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிடுகிறோம்.

இனி நோய்க்கு வருவோம். 2003-இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகர ஆராய்ச்சியாளர், தொடக்க நிலையிலேயே அறுவை செய்யப்பட்ட நுரையீரல் கட்டிகளை ஒப்பிட்டனர். பின்னாளில் நோய் பரவியோரின் கட்டிகளில் ஒரு நீண்ட ஆர்.என்.ஏ. மிகுந்திருந்தது. 8,000-க்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட அதற்கு 'மாலட்-1' என்று பெயரிட்டனர். அது புரதம் எதையும் உண்டாக்குவதில்லை. உயிரணுவின் உட்கருவிலேயே தங்கியிருக்கிறது. அது வெறும் அடையாளமா, அல்லது குற்றவாளியேதானா? பத்து ஆண்டுகள் கழித்து, 2013-இல், நுரையீரல் புற்று உயிரணுக்களிலிருந்து அதை நீக்கிப் பார்த்தார்கள். அந்த உயிரணுக்களின் நகர்ச்சி தளர்ந்தது. எலிகளின் உடலில் அவை உண்டாக்கிய கட்டிகளும் குறைந்தன. இடம்பெயர்வதற்கு உதவும் மரபணுக்கள் பலவற்றை மாலட்-1 தூண்டிவிடுகிறது என்பது விளங்கிற்று. அதன் எழுத்துகளோடு பொருந்தி ஒட்டிக்கொள்ளும் சிறு மருந்துத் துண்டொன்றைச் செலுத்தியபோதும் எலிகளில் நோய் பரவுவது தடைப்பட்டது.

தூண்டும் மேஸ்திரி இருந்தால் அடக்கும் மேஸ்திரியும் இருக்கத்தானே வேண்டும்! ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுவொன்றில் 'லெட்-7' என்னும் குறு ஆர்.என்.ஏ.வை 2000-இல் கண்டறிந்தனர். அதில் இருப்பவை வெறும் 22 எழுத்துகள். அதே ஆர்.என்.ஏ. மனிதரிடமும் அப்படியே உள்ளது என்பதை எண்ணும்போது படைப்பின் சிக்கனம் நம்மை வியக்க வைக்கிறது. உயிரணுவைப் பெருகத் தூண்டும் 'ராஸ்' என்னும் மரபணுவுக்கு இது கடிவாளம். நுரையீரல் புற்றில் லெட்-7 குறைந்திருந்த நோயாளிகள் அறுவைக்குப்பின் குறைந்த காலமே வாழ்ந்தனர் என்று 2004-இல் ஜப்பானிய மருத்துவர்கள் கண்டனர். இத்தகைய குறு ஆர்.என்.ஏ.க்களை முதலில் கண்டறிந்தமைக்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் ஆகிய இருவருக்கும் 2024-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. புழுவை ஆராய்வதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்போர் இதைக் கவனிப்பார்களாக!

அப்படியானால் மாலட்-1-ஐ அடக்கும் மருந்தை உடனே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். மாலட்-1 இல்லாமலே பிறக்கச் செய்த எலிகள் நலமாகவே வாழ்ந்தன என்பது உற்சாகமூட்டும் செய்திதான். ஆனால் 2018-இல் மார்பகப் புற்றை ஆராய்ந்த ஒரு குழு, அங்கே அதே மாலட்-1 நோய் பரவாமல் தடுக்கிறது என்று அறிவித்தது! ஓர் ஆலையில் எந்திரத்தை ஓட்டச் சொல்லும் மேஸ்திரி வேறோர் ஆலையில் நிறுத்தச் சொல்கிறார் போலும். இவ்வளவு முரண்பாடு இருக்கும்போது மருத்துவர்கள் நிதானிப்பது சரியென்றே எங்களுக்குப் படுகிறது.

இன்று நுரையீரல் கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும்போது 'ஈ.ஜி.எஃப்.ஆர்.' போன்ற, புரதம் செய்யும் மரபணுக்களில் மாற்றம் உண்டா என்றே பார்க்கிறார்கள். மாற்றம் இருந்தால் அதற்கென்றே மாத்திரைகள் உள்ளன. நம் நாட்டு நோயாளிகளில், குறிப்பாகப் புகை பிடிக்காதவர்களில், அம்மாற்றம் அடிக்கடி காணப்படுகிறது. மாலட்-1-உம் லெட்-7-உம் இன்னும் ஆய்வுக்கூடத்து மேசையில்தான் இருக்கின்றன.