எடை தெரிவது வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில்

மலைப்பாதையில் ஓட்ட எந்த பைக் வாங்கலாம் என்று கேட்பவர்கள் முதலில் பார்ப்பது சி.சி.யைத்தான். அடுத்து குதிரைத்திறன். எடையைக் கடைசியில் பார்ப்பார்கள், சிலர் பார்ப்பதே இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளையோ மனதில் வைத்து வண்டி தேடுகிறவர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிப்பட்ட பயணத்துக்கு ஏற்றது ஸ்போர்ட் டூரர். அது பந்தய வண்டியின் வளையும் திறமையையும் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் வசதியையும் சேர்த்துச் செய்த வகை. முன்னால் காற்றைத் தடுக்கும் ஃபேரிங் இருக்கும். ஹேண்டில்பார் பந்தய வண்டியைப் போல மிகத் தாழ்ந்திருக்காது. பின்னால் ஒருவர் உட்காரலாம், பையும் கட்டலாம். வெளிநாடுகளில் இந்த வகைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை பெரிய வண்டிகள். யமஹா எஃப்.ஜே.ஆர்.1300 எடை 290 கிலோவை ஒட்டி வரும். ஹோண்டா எஸ்.டி.1300 300 கிலோவைத் தாண்டும். அகன்ற நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக வேகம் குறையாமல் போவதற்கென்றே பிறந்தவை அவை.

நம் ஊரில் இந்த வேலையைச் சின்ன வண்டிகள்தான் செய்துவந்திருக்கின்றன. 2003-இல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மாவில் 223 சி.சி. எஞ்சின்தான், அதை நம்பித்தான் ஒரு தலைமுறையே தொலைதூரப் பயணம் பழகியது. இன்று சுசூகி ஜிக்ஸர் எஸ்.எஃப் 250 இருக்கிறது: 161 கிலோ, 26.5 குதிரைத்திறன். பஜாஜ் பல்சர் எஃப்250 என்றால் 164 கிலோ, 24.5 குதிரைத்திறன். ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ் அப்பாச்சி ஆர்.ஆர் 310 சுமார் 174 கிலோ; அதன் குணம் பந்தயத் தடத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. இவற்றில் எதையும் நிறுவனம் ஸ்போர்ட் டூரர் என்று சொல்லி விற்காமல் இருக்கலாம். ஓட்டுபவர்கள் அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள்.

இவ்வளவு குறைந்த சக்தி மலைக்குப் போதுமா என்ற சந்தேகம் நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வண்டி 160 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ. பாதை 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறுகிறது, வேகம் மணிக்கு 40 கி.மீ. ஏற்றத்துக்கு மட்டும் தேவைப்படுவது 3 குதிரைத்திறனுக்கும் குறைவு. காற்றின் எதிர்ப்பு, டயர் உராய்வு, செயினில் போகும் இழப்பு எல்லாம் சேர்த்தாலும் 5-ஐத் தாண்டாது. வளைவு முடிந்து வேகமெடுக்கும்போது இன்னும் கொஞ்சம் கேட்கும், 25 குதிரைத்திறன் வண்டியில் அது தாராளமாகவே இருக்கிறது. 140 குதிரைத்திறன் வண்டியை ஓட்டுகிறவர் அதன் பெரும்பகுதியைத் தொடாமலேயே மலை ஏறி முடித்துவிடுவார்.

சாய்வு விஷயத்தில்தான் பலருக்கும் குழப்பம். கனமான வண்டியை வளைவில் அதிகம் சாய்க்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 15 மீட்டர் ஆரமுள்ள வளைவை 30 கி.மீ. வேகத்தில் எடுத்தால் 160 கிலோ வண்டியும் சுமார் 25 பாகைதான் சாயும், 300 கிலோ வண்டியும் ஏறக்குறைய அதே 25 பாகைதான் சாயும். புவியீர்ப்பு கீழே இழுப்பதும் எடைக்கேற்பத்தான், வளைவு வெளியே தள்ளுவதும் எடைக்கேற்பத்தான். இரண்டும் கழிந்து எடை கணக்கிலிருந்தே போய்விடுகிறது. பெரிய வண்டிக்குப் பின் டயர் அகலம் என்பதால் அது ஓரிரு பாகை கூடச் சாய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் இலகுவான வண்டியில் என்ன ஆதாயம்? அந்த 25 பாகைக்குப் போய்ச் சேருவதிலும், அங்கிருந்து எழுந்து மறுபக்கம் 25 பாகைக்குப் போவதிலும்தான். இடப்பக்கம் சாய இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுகிறோம். பைக் ஓட்டும் எல்லோரும் தெரிந்தோ தெரியாமலோ செய்வது இது. இலகுவான வண்டி அந்தத் தள்ளலுக்கு உடனே படியும். கனமான வண்டிக்குக் கூடுதல் பலமும் கூடுதல் நேரமும் வேண்டும். நெடுஞ்சாலையில் அந்த நேரம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது எதிர்ப்பக்கம் திரும்பும் மலையில் அதுதான் எல்லாம். நாற்பதாவது வளைவில் தோள் வலிக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது வண்டியின் சக்தி இல்லை, எடை.

இன்னொரு இடம் இருக்கிறது, விளம்பரங்களில் வராத இடம். இடப்பக்கக் கொண்டை ஊசி வளைவில் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். மேலிருந்து அரசு பஸ் இறங்குகிறது. ஏறும் வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பது விதி. ஆனால் பாதி திரும்பிவிட்ட பஸ்ஸால் நிற்க முடியாது, அதற்குச் சாலையின் முழு அகலமும் தேவை. வளைவின் உள்பக்கம், சரிவு மிகச் செங்குத்தாக இருக்கும் இடத்தில், நீங்கள் நிற்கிறீர்கள். வலது கால் பின் பிரேக்கில். இடது காலைத்தான் ஊன்ற வேண்டும், அந்தப் பக்கமோ சாலை உள்நோக்கித் தாழ்ந்திருக்கிறது. தரை எதிர்பார்த்த இடத்தில் இல்லை, கால் இன்னும் நான்கு விரற்கடை கீழே தேடுகிறது. அதற்குள் வண்டி இடப்பக்கம் சரிய ஆரம்பித்துவிடும். 160 கிலோ என்றால் தொடையில் தாங்கிப் பிடித்து நிறுத்திவிடலாம். 300 கிலோ ஒரு அளவுக்கு மேல் சரிந்துவிட்டால் பிடிக்க முயலாமல் விலகிக்கொள்வதே காலுக்கு நல்லது. பஸ் போன பிறகு முதல் கியரில், பாதி கிளட்சில், ஹேண்டிலை முழுக்க ஒடித்தபடி கிளம்பவும் வேண்டும். மலையில் பைக் கீழே விழுவது பெரும்பாலும் இப்படி நடை வேகத்தில்தான்.

இறக்கத்தில் கணக்கு இன்னும் கறாரானது. 1000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வண்டியும் ஆளும் இழக்கும் ஆற்றல் முழுவதும் எங்காவது சூடாகப் போய்த்தான் ஆக வேண்டும். மொத்த எடை 235 கிலோ என்றால் அந்தச் சூடு 7 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். 375 கிலோ என்றால் 11 லிட்டரை. ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும், ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும், மிச்சம் பிரேக் டிஸ்கில் ஏறும். ஏறும்போது எந்த கியரோ அதே கியரில் இறங்கு என்று பெரியவர்கள் சொல்வது எஞ்சினின் பங்கைக் கூட்டத்தான். ஒற்றை சிலிண்டர் 250 சி.சி. எஞ்சின் இதில் கெட்டிக்காரன், ஆக்சிலரேட்டரை விட்டதும் நன்றாக இழுத்துப் பிடிக்கும். பிரேக் ஆயில் நாளாக ஆகக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொதித்தால் லீவர் தொளதொளவென்று உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுங்கள். எந்த எடை வண்டிக்கும் இது பொருந்தும்.

இறக்கத்தில்தான் ஹேண்டில்பாரின் உயரமும் புரியும். உடம்பு தானாக முன்னால் சரியும். பந்தய வண்டியின் தாழ்ந்த ஹேண்டில் என்றால் மொத்தப் பாரமும் மணிக்கட்டில் இறங்கி, திருப்ப வேண்டிய கை முட்டுக்கொடுக்கும் கையாகிவிடும். கொஞ்சம் உயர்ந்த ஹேண்டிலும், முழங்காலால் இறுக்கிக்கொள்ளத் தோதான டேங்கும் இருந்தால் கை தளர்வாக இருக்கும். கடையில் வெறுமனே உட்கார்ந்து பார்த்தால் இது தெரியாது. முழங்காலால் டேங்கை இறுக்கி, இரண்டு கையையும் ஹேண்டிலிலிருந்து ஓர் அங்குலம் தூக்கிப் பாருங்கள். முதுகு அப்படியே நின்றால் அந்த வண்டி உங்களுக்கு ஒத்துப்போகும்.

இலகுவான வண்டிக்குக் குறைகளும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனால் பக்கவாட்டுக் காற்று ஃபேரிங்கில் மோதி வண்டியை ஒரு முழம் நகர்த்திவிடும். நாற்கரச் சாலையில் சொகுசு பஸ் ஒன்று முந்திப் போனாலும் ஆட்டம் தெரியும். 300 கிலோ வண்டி அங்கே அசையாமல் போகும். சென்னையிலிருந்து மலையடிவாரம் வரை 300, 400 கி.மீ. நேர்சாலையும், மலையில் கொஞ்ச நேரமும்தான் உங்கள் வழக்கமான பயணம் என்றால் நடுத்தர எடையைப் பார்ப்பதே சரி.

பின்னால் ஆள் உட்கார்ந்து மூட்டையும் ஏறினால் இலகுவான வண்டிதான் அதிகம் பாதிக்கப்படும். 90 கிலோ கூடுவது 300 கிலோ வண்டிக்கு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, 160 கிலோ வண்டிக்குப் பாதிக்கும் மேல். அதுவும் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் பெட்டியில் ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி, திருப்பினால் சொன்ன இடத்துக்குப் போகாது. பஞ்சர் கிட், பூட்டு, தண்ணீர் மாதிரியான கனத்தையெல்லாம் சீட்டின் இரு பக்கமும் தொங்கும் பைகளில் அடியில் வையுங்கள், துணிமணி மட்டும் பின்னால் போகட்டும். பின் சஸ்பென்ஷனை ஒரு படி இறுக்கி, டயர் சூடாவதற்கு முன்பே காற்றைப் பார்த்து, இருவர் போகும்போது வண்டியின் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். மலையடிவாரத்து பங்க்கில் பெட்ரோல் போடும்போது ஏற்ற நினைத்தால் அதற்குள் டயர் சூடேறி, அளவு கூடுதலாகக் காட்டும்.